செம்பனைக் காட்டுக்குள் கார் இல்லாத சடக்கு

சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் தோட்ட ஆபிசுக்கு ஒரு நடை போய் வாருங்கள். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் எந்த டயர், எத்தனை கியர், எவ்வளவு வெள்ளி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் சொல்கிறேன், பொறுங்கள். செம்பனை என்கிற பாமாயில் மரத் தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் சடக்கு (சாலை) அரசாங்கச் சடக்கு இல்லை, கம்பெனியின் சொந்த நிலம். கேட்காமல் உள்ளே போனால் காவலுக்கு இருக்கும் ஜாகா நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டும். பழக்குலை திருட்டு ஓயாத தொல்லை. முன்பின் தெரியாத ஆறு பேர் முதுகில் பையோடு காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நான் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். 2007-ல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீட்டில் பிறந்தேன். அம்மா ரப்பர் மரம் சீவிய காடு பிறகு செம்பனையாக மாறியது, அதே காட்டில் 22 வருஷம் வெளிவேலைக் கண்டக்டராக, அதாவது வேலையை மேற்பார்க்கிறவனாக, இருந்தேன். அப்போது மோட்டார் சைக்கிளில் சுற்றிய சடக்குகளில்தான் இப்போது கிராவல் சைக்கிளில் சுற்றுகிறேன். கிராவல் சைக்கிள் என்றால் பார்வைக்குப் பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி இருக்கும். டயர் மட்டும் தடிமன், சரளையும் மண்ணும் தாங்கும்.

2018-ல் மகளோடு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனேன். இத்தாலியில் தொப்லாக் என்ற ஊரிலிருந்து ஆஸ்திரியாவில் லியன்ஸ் வரை ட்ராவ் ஆற்றை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர். தொப்லாக் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, லியன்ஸ் 700 மீட்டருக்கும் கீழே. அதனால் மிதிப்பதை விட உருள்வதுதான் அதிகம். தொப்லாக்கில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, லியன்ஸில் ஒப்படைத்துவிட்டு, ரயிலில் திரும்பி வரலாம். இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, கார் கிடையாது. வழியில் புல் ஏற்றிய ஒரு விவசாயியின் டிராக்டர் எதிரே வந்தது. குடும்பம் குடும்பமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓரமாக இறங்கி நின்றார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். வேலை செய்கிறவனுக்கு வழி, வேடிக்கை பார்க்க வந்தவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன், "அம்மா, இந்த மாதிரிப் பாதை நம்ம வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கு. நாமதான் அதில் சைக்கிள் விடவில்லை."

சரி, அனுமதி எப்படிக் கேட்பது? பெரட்டு நேரத்தில் போகாதீர்கள். விடியற்காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும்போது மேனேஜருக்கு உங்களைப் பார்க்க நேரம் இருக்காது. சம்பளக் கணக்கு முடிக்கிற மாதக் கடைசியும் வேண்டாம். வார நாளில் காலை பத்து, பத்தரைக்குப் போங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: யார் யார், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எந்த கேட். அடிபட்டால் பொறுப்பு எங்களுடையது என்று ஒரு வரி, கீழே எல்லாருடைய கையெழுத்தும். ஆறு பேருக்கு மேல் எழுதாதீர்கள். முதலில் கிராணியை, அதாவது ஆபிஸ் குமாஸ்தாவை, பார்த்துப் பேசுங்கள். மேனேஜருக்கு எப்போது நேரம் இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்தைக் கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டில் நின்று ஜாகாவிடம் பெயர் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வரும்போது மறுபடி சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம், அவர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் ஓட்டுகிற தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மேனேஜர் நம்பிக் கொடுத்த அனுமதி, கூட்டம் கூடி அது கெட்டுப்போகக் கூடாது. உங்கள் ஊர்த் தோட்டத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கீழே கிடக்கிற ஒரு பழத்தைக்கூடத் தொடாதீர்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரே ஒரு பழத்தைச் சட்டைப் பையில் போட்டாலும் அது தோட்டத்துச் சொத்து. உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதைப் பொறுக்கிச் சேர்ப்பதற்கென்றே ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

நாள் என்றால் ஞாயிறுதான். குலை லோரி ஓடாது. ஆனால் காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில், பெரும்பாலும் செப்டம்பர் அக்டோபரில், ஞாயிறும் வெட்டு நடக்கும். அப்படியானால் எந்தக் காட்டில், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவில், வெட்டு என்று ஜாகாவிடமே கேட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். ஒரு காட்டில் குலை வெட்டினால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி அதே காட்டுக்கு வருவார்கள். இரண்டு மாதம் ஓட்டினாலே சுற்று எப்படிப் போகிறது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். மரத்தடியில் ஆள் நின்று நீளக் கம்பு அரிவாளால் மேலே இழுத்துக்கொண்டிருந்தால் தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். 20 கிலோ குலை 12 மீட்டர் உயரத்திலிருந்து விழும். அதற்கு முன்னால் மட்டை விழும், மட்டை எந்தப் பக்கம் சாயும் என்று வெட்டுகிறவருக்கே நிச்சயமாகத் தெரியாது. மருந்து அடித்த காட்டையும் தவிர்க்க வேண்டும். பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், என்றாலும் களைக்கொல்லி களைக்கொல்லிதான். மரத்தடிப் புல் வட்ட வட்டமாக மஞ்சளாகி இருந்தால் அங்கே உட்காராதீர்கள், சைக்கிளைப் புல்லில் சாய்க்காதீர்கள்.

நேரம்: நம் பக்கம் ஏழு மணிக்கு மேல்தான் சரியான வெளிச்சம் வரும். ஏழு பத்துக்குக் கேட்டைத் தாண்டுங்கள், பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள். செம்பனை நிழல் இருக்கிறதே என்று பதினொரு மணி வரை இருந்தால் காற்றோட்டம் இல்லாத அந்தப் புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் சீனியும் எலுமிச்சையும். வாழைப்பழம் இரண்டு. பசியாறுவதை வெளியே வந்து வைத்துக்கொள்ளலாம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். காலையில் வானம் தெளிவாக இருக்கும், சடக்குதான் நேற்றைய மழையைச் சுமந்துகொண்டிருக்கும். செம்மண் சரளை போட்ட சடக்கு ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். கோலசிலாங்கூர் பக்கத்துக் களிமண் அப்படி இல்லை. கடலோரக் களி, ஈரமானால் மாவு பிசைந்த மாதிரி. 50 மீட்டர் ஓட்டினால் போதும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். களிமண் காட்டுக்கு மழை விட்டு இரண்டு முழு நாள் கழித்துப் போங்கள். ஈரத்தில் ஓட்டிப் பள்ளம் போட்டால் அது காய்ந்து கல்லாகிவிடும், திங்கட்கிழமை குலை ஏற்றி வரும் டிராக்டர்க்காரருக்குத்தான் கஷ்டம்.

ராஜா மூசா பக்கம் கரிமண், அதாவது இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த கறுப்பு மண். அது வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். சடக்கு அலை அலையாக இருக்கும், பாலம் மட்டும் தாழாமல் மேடாக நிற்கும். வேகமாகப் போய்ப் பாலத்து விளிம்பில் முன்சக்கரத்தை மோதினால் வளையம் நெளியும். பாலத்துக்கு முன்னால் இறங்கி நடங்கள்.

காய்ந்த செம்மண் சரளையும் சும்மா இல்லை. லேட்டரைட் கல் சின்னச் சின்ன உருண்டை, கோலிக்குண்டு மாதிரி டயருக்கு அடியில் உருளும். நேர் சடக்கில் தெரியாது, திருப்பத்தில் தெரியும். திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், திரும்பும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். லோரிச் சக்கரம் ஓடி இறுகிய இரண்டு தடத்தில் ஒன்றைப் பிடித்துப் போங்கள். நடுவில் வளர்ந்த புல் மெத்தை மாதிரி தெரியும், அதற்குள் மட்டைத் துண்டு கிடக்கும். குலை குவிக்கிற மேடைக்குப் பக்கத்திலும், லோரி சாய்ந்து திரும்புகிற வளைவிலும் உதிரிப்பழம் சிதறிக் கிடக்கும். அதன்மேல் லோரி ஏறினால் எண்ணெய் பிதுங்கிச் சரளையில் ஆரஞ்சு நிறக் கறையாகப் படியும். பனியும் சேர்ந்த காலையில் அது சோப்புத் தண்ணீர். கறையைப் பார்த்தால் நேராக, மிதிக்காமல், கடந்து போங்கள்.

டயருக்கு வருகிறேன். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம், முடிந்தால் 45. என் எடை 74 கிலோ. டியூப் இல்லாத டயரில் முன்னால் 28, பின்னால் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கிறேன். டியூப் போட்டவர்கள் ஐந்தாறு கூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் கல்லில் அடித்து டியூப் கடிபடும். என்னைக் கேட்டால் தோட்டத்துக்கு டியூப் இல்லாத டயர்தான். காரணம் மட்டை முள்.

வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு விளிம்பிலும் ரம்பப் பல் மாதிரி முள். காய்ந்தால் நுனி கறுத்து ஆணி மாதிரி ஆகிவிடும். மட்டையை மர நிரைக்கு நடுவில்தான் அடுக்குவார்கள், டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்து சடக்கில் போட்டுவிடும். போன பிப்ரவரியில் என் பின் டயரில் ஒன்று ஏறியது. சுண்டுவிரல் நகம் நீளம். பிடுங்க வேண்டாம் என்று அப்படியே ஓட்டி, வீட்டுக்கு வந்து குறட்டால் இழுத்தேன். "உஸ்" என்று காற்றோடு வெள்ளைத் துளி ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று, மூன்றாவது துளி ஓட்டை வாயிலேயே கெட்டியாகி நின்றுவிட்டது. டயருக்குள் ஊற்றி வைக்கிற அந்த வெள்ளைத் தண்ணீர் வேலை செய்வது அப்படித்தான். பல கம்பெனிகள் அதை இயற்கை ரப்பர் பாலில்தான் செய்கின்றன, உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு 81 வயது. மூக்கைச் சுளித்து, "என்னடா, பால் வாளி வாடை அடிக்குது?" என்றார். அவருக்கு அந்த வாடை மறக்காது. தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க அதே மருந்தைத்தான் கலந்து கொடுப்பார்கள். நம் வெயிலில் அந்தத் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டயரைத் திறந்து பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள். பெரிய முள்ளுக்கு அதுவும் போதாது. டயருக்குள் போட ஒரு உபரி டியூப், கைப் பம்பு, சின்னக் குறடு மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

சைக்கிளுக்கு நிறையச் செலவு செய்ய வேண்டாம். நம் பக்கம் தரை சமம், மலை ஏற்றம் கிடையாது. வீட்டில் பழைய மலை சைக்கிள் கிடந்தால் டயரை மாற்றி அதிலேயே ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

வழி தெரிவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட மரங்கள், ஹெக்டேருக்கு 136, 140 என்று. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரு நிரை நேராகத் தெரியும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. கைப்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பல இடத்தில் சிக்னல் இல்லை. அதை மட்டும் நம்பவும் வேண்டாம். செம்பனை 25 வருஷத்தில் மறு நடவுக்கு வரும், அப்போது பழைய மரத்தைச் சாய்த்துச் சடக்கையும் மாற்றிப் போடுவார்கள். வரைபடத்தில் இருக்கிற சடக்கு தரையில் இருக்காது. மறு நடவுக் காட்டில் ஒரு முறை இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறேன், 22 வருஷம் தெரிந்த இடத்தில். அன்றிலிருந்து மூன்றைப் பார்க்கிறேன். ஒன்று, காட்டு முனையில் நட்ட பலகை. அதில் நட்ட வருஷமும் ஹெக்டேர் கணக்கும் எழுதியிருக்கும். 2004 காட்டிலிருந்து 2011 காட்டுக்கு வந்துவிட்டோம் என்றால் எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று புரியும். இரண்டு, பெரிய வாய்க்கால். சின்ன வாய்க்கால் எல்லாம் அதில் சேரும், அது சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் போகும். மூன்று, சடக்கின் அகலம். குலை லோரி போகிற பெரிய சடக்கு எப்படியும் ஆபிசுக்கோ மில்லுக்கோ கொண்டுபோய் விடும்.

என் வழக்கமான சுற்று 26 கிலோமீட்டர். கேட்டிலிருந்து பெரிய சடக்கில் மூன்று கிலோமீட்டர் போனால் ஒரு முனீஸ்வரர் கோயில். முன்பு அங்கே லயம் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயக்கொட்டகை இருந்தது. வீடுகளை இடித்துவிட்டார்கள், ஆலமரமும் சூலமும் இருக்கின்றன. காலணியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, முகம் கழுவிக்கொள்வேன். அங்கிருந்து இடது பக்கம் வாய்க்கால் கரையைப் பிடித்தால் ஏழு கிலோமீட்டர் ஒரு வண்டியும் வராது. தண்ணீரில் வரால் துள்ளும் சத்தம் கேட்கும். மரங்களுக்கு நடுவே கம்பத்தில் மரப்பெட்டி வைத்திருப்பார்கள், எலி பிடிக்க வெண்ணாந்தை வளர்க்கிற கூடு. அதன் கீழே சத்தம் போடாமல் கடந்து போங்கள். பிறகு ஆற்றோரம் வெள்ளத் தடுப்புக் கரை. மேட்டில் ஓட்டும்போதுதான் காற்று முகத்தில் படும். தண்ணீர் ஓரம் இறங்காதீர்கள், ஆற்றில் முதலை உண்டு. இதே ஆறு இன்னும் கீழே போய்க் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிக்குப் பெயர் எடுக்கிறது.

இந்த ஊரில் செம்பனைக்கு ஒரு கதை இருக்கிறது, தெரிந்துகொண்டு ஓட்டினால் நன்றாக இருக்கும். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது 1917-ல், இங்கே தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். துரை பிரெஞ்சுக்காரர், தோட்டத்தின் பெயர் தமிழ். இன்றும் பலகையில் அந்தப் பெயர்தான்.

பிராணிகளில் நான் முதலில் பயப்படுவது நாய்க்கு. வீடுகள் இருக்கிற இடத்தில் கூட்டமாக வரும். வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, பேசாமல் நடங்கள், பத்து அடியில் விட்டுவிடும். மாடு நின்றால் காத்திருங்கள். குட்டியோடு காட்டுப்பன்றி நின்றால் திரும்பிவிடுங்கள். நாகம் எலிக்காக மட்டைக் குவியலில் இருக்கும், அதனால் ஒதுங்குவதற்குக் குவியல் பக்கம் போகவே கூடாது. கடித்துவிட்டால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையோ காலோ அசையாமல் வைத்து 999-ஐ அழையுங்கள், கேட் பெயரையும் காட்டுப் பலகை எண்ணையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு உள்ளே வழி தெரியாது, கூட வந்த ஒருவர் கேட்டுக்கே போய் அழைத்து வர வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அனுமதி கிடைக்காதவர்களுக்குச் செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல் பக்கம் இருக்கிறது. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு வந்து வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைவிக்கிறார்கள். வாய்க்கால் ஓரமாக நேர் நேராகப் பாதை. நிழல் இல்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் படம் எடுக்க வருகிற கார்கள் நிறைந்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். அறுவடை இயந்திரம் வந்தால் கரையில் இறங்கி நில்லுங்கள்.

உள்ளே வேலை செய்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத்துப் பிள்ளைகள். யாரைப் பார்த்தாலும் வேகத்தைக் குறைத்து மலாய் மொழியில் "செலாமாட் பாகி" (காலை வணக்கம்) சொல்லுங்கள். டிராக்டர் வந்தால் நிரைக்குள் இறங்கி நின்று வழி விடுங்கள். மிட்டாய்த் தாள், பழத்தோல் எதையும் போடாதீர்கள். மாதம் ஒரு முறை ஆபிசுக்குப் போய் எங்கே பாலம் உடைந்திருக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று பார்த்ததைச் சொல்லுங்கள். நான் கண்டக்டராக இருந்தபோது அப்படி யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செம்மண் காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குழாயை மெதுவாகத் திறந்து, சக்கரத்து நடுவில் நேராகப் பீய்ச்சாமல். சங்கிலியைத் துணியால் துடைத்துக் காயவைத்து, பிறகு எண்ணெய். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டுதான். அதிகமாக விட்டால் அடுத்த ஞாயிறு தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும்.